இருபத்து மூன்றாம் இடம்

மார்ச் மாதக் கடைசி வியாழன்.
நள்ளிரவில் ஒவ்வோர் அணியும்
இருபத்து மூன்று பெயரோடு பூட்டப்படும்.
முன்னோட்டம் எழுதுவது வழக்கம்போல் என் தலையில்.
ஈசூன், புளோக் எழுநூற்றுப் பன்னிரண்டின் கீழே
கோப்பி ஓ கொசோங் ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

எட்டு அணிகள். எட்டுப் பேரும் துவாஸ் துறைமுகத்தில்
பாரந்தூக்கிகளைத் திரை பார்த்து நகர்த்துகிறவர்கள்.
லீக்கைத் தொடங்கிய அமெரிக்க மேலாளர்
இரண்டே வருடத்தில் ஊர் திரும்பிவிட்டார்,
கடவுச்சொல்லையும் இந்த வியாதியையும்
எங்களிடம் விட்டுவிட்டு.
எங்களில் ஒருவர்கூட பேஸ்பால் மட்டையைத் தொட்டதில்லை.

ஜஸ்பீர்: பலசாலிகள். பட்டால் ஹோம் ரன்,
படாவிட்டால் காற்று. போன வருடம் காற்று.
பெய் வென்: எல்லாம் எக்செல். முப்பத்தைந்து தாண்டிய ஆட்டக்காரனை
ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். அவளுக்கு நாற்பத்தொன்று.
துவாரகன்: பிட்சர்கள் ஆறு பேர்,
ஆறு பேருக்கும் தோள்பட்டை வலி.
எலும்பு மருத்துவர் வாசல் மாதிரி ஓர் அணி.
சத்தியசீலன் டிராஃப்ட் அன்று இரவு தூங்கிவிட்டார்,
அவர் பெயரில் கணினியே ஆள் எடுத்தது.
என் கணிப்பு: கோப்பை அவருக்குத்தான்.
வேறு இருவர் வீட்டில் கைக்குழந்தை.
ஏப்ரல் பாதியில் கடவுச்சொல் மறந்துவிடும்.

ஹைருல்: மூன்றாவதாக வரலாம்.
பேச மாட்டான், ஆளை மாற்ற மாட்டான்.
எல்லா வருடமும் அவனுக்கு ஒரு வரிதான் எழுத வருகிறது.

இனி என் அணி.
இருபத்திரண்டு பேரிடம் குறையில்லை.
இருபத்து மூன்றாவது, எலியேசர்.
அவனுக்குப் பதினேழு வயதில் எடுத்தேன். ஷார்ட்ஸ்டாப்.
யாரோ கைப்பேசியில் பிடித்த மங்கலான காணொளி:
இடப்பக்கம் பாய்ந்து, தரையோடு வந்த பந்தை அள்ளி,
உடம்பு திரும்புமுன் கை எறிந்துவிட்டது.
பதினொரு விநாடி.
நான் அவனைப் பார்த்தது அவ்வளவுதான்.

அப்புறம் எண்கள்.
எங்களுக்குக் காலை ஏழு, அங்கே முந்தைய நாள் மாலை.
கிராஞ்சி தாண்டும்போது ஒரு பூஜ்யம்.
ஜூரோங் ஈஸ்டில் கூட்டம் இடித்து இறங்க, இன்னொன்று.
எப்போதாவது, பூன் லே நெருங்கையில், ஒரு டபுள்.
தனியாகச் சிரிக்கிறவளைக் கண்டு
பக்கத்தில் நின்றவர் சற்று நகர்ந்துகொண்டார்.

ஐந்து வருடம்.
முழங்கை. மறுபடி முழங்கை.
பெரிய லீக்கின் புல்லை இன்னும் அவன் மிதிக்கவில்லை.
ஒவ்வொரு முன்னோட்டத்திலும் அவனுக்கு எழுதுவேன்:
இந்த ஆண்டு நிச்சயம்.
ஜஸ்பீர் அதை எனக்குப் பட்டப்பெயராகவே வைத்துவிட்டான்.

ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துவைக்க ஓர் ஆள் தேவை.
ஆள் இருக்கிறான். இடம் இல்லை.

பதினொன்று நாற்பத்தாறு.
கடைக்காரர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கிறார்.
'நீக்கவா?' என்கிறது கைப்பேசி,
பழைய புகைப்படத்துக்குக் கேட்கிற அதே தொனியில்.
அவனுக்குத் தெரியப்போவதில்லை.
அவன் ஊரில் இப்போது நண்பகல்.
முழங்கையில் பனிக்கட்டிப் பை இருக்கும்.
அல்லது யார் கண்டது, பசியோடு சோற்றுக்கு உட்கார்ந்திருப்பான்.
அழுத்தினேன்.

பதினொன்று ஐம்பது.
லிஃப்ட் எட்டாம் மாடியில் நின்றுகொண்டு வர மறுக்கிறது.
ஓர் அறிவிப்பு:
விடுவிக்கப்பட்ட எலியேசரை
ஹைருல் சேர்த்துக்கொண்டார்.

நான்கே நிமிடம்.
ஆளையே மாற்றாதவன்.
தூங்காமல் இருந்திருக்கிறான்.
எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ.
அவனும் அதே ரயில்தான், மார்சிலிங்கில் ஏறுவான்,
எப்போதும் வேறு பெட்டி.
கிராஞ்சியில் அந்தப் பூஜ்யம்
அவன் கைக்கும் வந்திருக்கும்.

லிஃப்டை மேலே போக விட்டுவிட்டு
முன்னோட்டத்தைத் திறந்தேன்.
ஹைருலுக்குக் கீழே
முதல்முறையாக இரண்டாவது வரி:
இந்த ஆண்டு நிச்சயம்.